சுத்தியலைத் தூக்கிய ஜேன்: தோர் காமிக்ஸின் முடிவு குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி (பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர்): 2022-ல் வெளிவந்த தோர் திரைப்படத்தைப் பார்த்த பிறகு, அதற்கு மூலமாக அமைந்த ஜேசன் ஆரனின் காமிக்ஸ் கதைகளைச் சர்ச் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளில் ஒவ்வொரு தொகுப்பாக வாங்கிப் படித்து வந்தேன். கடவுளரைக் கொல்பவனான கோரின் கதையை விடாமல் படித்தேன். அதன் பிறகு இடிக் கடவுளான தோர் தன் சுத்தியலைத் தூக்கும் தகுதியை இழக்க, முகமூடி அணிந்த ஒரு பெண் அச்சுத்தியலையும் அவர் பெயரையும் எடுத்துக்கொண்டதும் என் ஆர்வம் குன்றிவிட்டது. விற்பனைக்காகச் செய்த மாற்றமாகவே அது எனக்குத் தோன்றுகிறது. முடிவு மிகச் சிறப்பு என்கிறார்கள் நண்பர்கள். முடிவு ஒன்றுக்காக மீதி அத்தனையையும் படிக்க வேண்டுமா? முடிவு முன்பே தெரிந்துவிட்டாலும் எனக்குக் குறையில்லை.

பதில்: படிக்க வேண்டும் என்பதே என் கருத்து. நீங்கள் நிறுத்திவிட்ட இடத்தில்தான் கோர் எழுப்பிய கேள்விக்கு மறுமொழி தொடங்குகிறது.

ஆனாலும் உங்கள் ஐயத்தை நியாயமற்றது என்று தள்ள மாட்டேன். 2014 ஜூலையில், கதையின் ஒரு பக்கத்தைக்கூட வாசகர் பார்ப்பதற்கு முன்னர், இனிமேல் தோர் ஒரு பெண் என்று அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் மார்வெல் நிறுவனம் அறிவித்தது. அடுத்த சில நாள்களிலேயே கேப்டன் அமெரிக்காவின் கேடயம் சாம் வில்சனிடம் போகிறது என்ற அறிவிப்பும் வந்தது. ஒரே வாரத்தில் இரண்டு நாயகர்கள் மாற்றப்படும்போது, கதைக்குத் தேவைப்பட்டு இது நடக்கிறதா, செய்தியாக வேண்டும் என்பதற்காக நடக்கிறதா என்று வாசகர் கேட்பது இயல்பே. தமிழில் இரும்புக்கை மாயாவியையும் ஸ்பைடரையும் படித்து வளர்ந்தவர்களுக்கு நாயகனின் குணம் மாறுவது புதிதன்று. அவ்விருவரும் தொடக்கத்தில் சட்டத்துக்கு எதிர்ப்புறம் நின்று, பின்னர் நீதியின் பக்கம் வந்து சேர்ந்தவர்கள். அங்கே மனம் மாறியது, ஆள் அவரேயாக இருந்தார். ஆளே மாறும்போது வாசகர் மனத்தில் எழும் எதிர்ப்பு வேறு வகையைச் சேர்ந்தது.

எனக்கும் அந்தக் கட்டத்தில் ஐயங்கள் இருந்தன. ஆனால், சுத்தியல் கை மாறியதைப் பற்றியவை அல்ல அவை. தோரின் சுத்தியல் கை மாறுவது ஆரன் கண்டுபிடித்ததன்று: 1983-லேயே எழுத்தாளர் வால்ட் சைமன்சன், குதிரை முகம் கொண்ட பீட்டா ரே பில் என்ற வேற்றுக்கோள் வீரனின் கையில் அதைக் கொடுத்துவிட்டார், 1978-ல் வெளிவந்த ஒரு கற்பனைக் கிளைக்கதையில், ஆரனின் கதையில் முகமூடிப் பெண்ணாக வரும் இதே ஜேன் ஃபாஸ்டர் அதைத் தூக்கியிருக்கிறார். என்னை உறுத்தியவை இரண்டு. முதலாவது, 2015-ல் வந்த ஓர் இதழில், பெண் தோரைப் பற்றிய வாசகர்களின் முணுமுணுப்பையெல்லாம் கிரஷர் கிரீல் என்ற வில்லனின் வாயில் வைத்து, அவன் தாடையை அந்தப் பெண் தோர் உடைப்பதாக ஆரன் எழுதியிருந்தார். விமர்சனத்துக்குக் கதையால் பதில் சொல்ல வேண்டியவர், பதிலைக் கதாபாத்திரத்தின் முஷ்டியிடம் ஒப்படைத்துவிட்டார் என்றே அப்போது எண்ணினேன். இன்றும் அந்த இதழைத் தொடரின் மிகப் பலவீனமான பகுதியாகக் கருதுகிறேன். இரண்டாவது, முன்னாள் உளவுத் தலைவரான நிக் ஃப்யூரி தோரின் காதில் ரகசியமாகச் சொன்ன ஏதோ ஒன்று அவர் தகுதியைப் பறித்துவிட்டது என்று 2014-ல் காட்டிவிட்டு, அந்தச் சொல் என்ன என்பதை 2017 வரை ஆரன் வெளியிடவில்லை. இவ்வளவு காலம் மூடி வைக்கப்பட்ட ரகசியம் திறக்கப்படும்போது பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

மிஞ்சவில்லை. ஃப்யூரி சொன்னது, கோர் சொன்னது சரி என்பதுதான். அவ்வளவே. ஏழு ஆண்டுக் கதை முழுவதும் அந்த ஒரு தொடரின்மேல் நிற்கிறது.

கோர் யார் என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். வறண்ட ஒரு கோளில் பிறந்து, மனைவியையும் பிள்ளைகளையும் பறிகொடுத்து, எத்தனை வேண்டியும் எந்தக் கடவுளும் வராததைக் கண்டு, கடவுள் இல்லை என்று சொன்னதற்காகத் தன் கூட்டத்தாலேயே துரத்தப்பட்டவன் அவன். அதன் பின்னர் ஒருநாள் இரண்டு கடவுளர் தமக்குள் போரிட்டபடி வானிலிருந்து அவன் கண்முன்னே வந்து விழுகிறார்கள். இல்லை என்று நம்பியவர்கள் இருந்தும் வராதவர்கள் என்று அறிந்த அக்கணமே அவன் கொலைகாரனாகிறான். தமிழ் வாசகருக்கு இந்தக் கோபம் அந்நியமானதன்று. பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர் வாழ வேண்டுமென்றால் இந்த உலகத்தைப் படைத்தவன் ‘பரந்து கெடுக’ என்று வள்ளுவரே சபித்திருக்கிறார். கண்பார்வை இழந்த சுந்தரர் திருவாரூரில் நின்று, அடியார் துன்பத்தைத் தீர்க்காத இறைவனை நோக்கி ‘வாழ்ந்து போதீரே’ என்று பாடியிருக்கிறார். அல்சூரில் வசிக்கும் நீங்கள், 2009-ல் திறக்கப்பட்ட அந்த வள்ளுவர் சிலையை அடிக்கடி கடந்து செல்பவராக இருப்பீர்கள். அந்தக் குறளை மனத்தில் வைத்துக்கொண்டு கோரின் கதையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

கோரைத் தோர் வென்றுவிடுகிறார். ஆனால் அவன் கேள்வியை வெல்லவில்லை. அதனால்தான் ஃப்யூரியின் சொல் காதில் விழுந்ததும் சுத்தியல் நிலவின் தரையில் அசையாமல் கிடந்துவிடுகிறது. எந்தக் கடவுளும் தகுதியுடையவர் இல்லை என்ற குற்றச்சாட்டைத் தோரே உள்ளுக்குள் ஏற்றுக்கொண்ட பிறகு, அதற்கு மறுமொழி ஒரு கடவுளின் வாயிலிருந்து வர முடியாது. மனிதரிடமிருந்துதான் வர வேண்டும். அந்த மனிதர் ஜேன் ஃபாஸ்டர்: 1962-ல் செவிலியாகக் கதைக்குள் வந்து, பின்னர் மருத்துவராகி, ஆரனின் காலத்தில் மார்பகப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருப்பவர். சுத்தியலைத் தூக்கும்போதெல்லாம் உடலிலுள்ள கீமோதெரபி மருந்து நச்சாகக் கருதப்பட்டு நீங்கிவிடுகிறது, நோய் மட்டும் தங்கிவிடுகிறது என்ற விதியை ஆரன் தொடக்கத்திலேயே வகுத்துவிடுகிறார். பிறரைக் காக்கும் ஒவ்வொரு முறையும் அவர் தன் சாவை நோக்கி ஓர் அடி வைக்கிறார். அவர்தான் அந்த முகமூடிப் பெண் என்பது 2015-ல் வெளிப்படுகிறது. நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து சில இதழ்கள் தாண்டினால் அந்தப் பக்கம் வந்துவிடும். அதன் பின்னர் முந்தைய பக்கங்கள் எல்லாம் வேறு பொருள் கொள்ளும்.

இனி முடிவு. 2018-ல் வந்த கடைசிப் பகுதியில் கடவுளரின் நகரமான அஸ்கார்டியாவின்மேல் மேங்கோக் என்ற பேருருவம் பாய்கிறது. 1968 முதல் தோர் கதைகளில் இருந்துவரும் பழைய எதிரி அது. தோரின் தந்தையும் கடவுளரின் அரசருமான ஓடின் அழித்த கணக்கற்ற உயிர்களின் வெறுப்பு ஒன்றுதிரண்டு உருவெடுத்ததே மேங்கோக். எத்தனையோ சூழ்ச்சிக்காரர்கள் கைவசம் இருக்க, ஆரன் இறுதி எதிரியாக இதைத் தேர்ந்தெடுத்ததில்தான் அவர் கதையை எவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்கிறார் என்பது விளங்குகிறது. கோர் தனியொருவனின் வழக்கு என்றால், மேங்கோக் அழிந்துபோன ஓர் இனத்தின் வழக்கு. இரண்டிலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்கள் கடவுளர். கடவுளர் பட்ட கடனை, இன்னொரு முறை உருமாறினால் உயிர் போய்விடும் என்று எச்சரிக்கப்பட்டு மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் ஒரு மானிடப் பெண் எழுந்து சென்று தீர்க்கிறாள். மேங்கோக்கைச் சங்கிலியால் சுத்தியலோடு பிணைத்து, அந்தச் சுத்தியலையே சூரியனுக்குள் வீசிவிடுகிறாள். ஆற்றலின் ஊற்றையே எறிந்துவிட்ட பிறகு அவள் மீண்டும் நோயாளி ஜேன். முடி உதிர்ந்த தலையோடும் மெலிந்த உடலோடும் தோரின் கைகளில் உயிர் விடுகிறாள்.

இந்தப் பக்கங்களை வரைந்த ரஸ்ஸல் டாட்டர்மேனைப் பற்றிச் சொல்லாமல் போவது முறையாகாது. போர்க்காட்சிகளில் கட்டங்களின் எல்லைக்கோடுகளையே மின்னல்போல் உடைத்து வரையும் அவர், ஜேனின் நோயுற்ற உடலை எந்த அழகுபடுத்தலும் இல்லாமல் வரைந்திருக்கிறார். அவளை இரங்கத்தக்கவளாகவோ வீரத்தின் சின்னமாகவோ ஆக்காமல், களைத்துப்போன ஒரு மனிதராகவே பல பக்கங்களில் காட்டியதால்தான் கடைசிப் போர் நம் நெஞ்சைத் தொடுகிறது. மாத்யூ வில்சனின் வண்ணங்களும் அதற்குப் பெருந்துணை.

விற்பனைக்கான மாற்றமா என்று கேட்டீர்கள். அறிவிப்பு அப்படி நடந்திருக்கலாம். கதை அப்படி எழுதப்படவில்லை. ஜேனுக்குப் புற்றுநோய் என்ற செய்தி 2013-லேயே, அவள் சுத்தியலைத் தொடுவதற்கு ஓராண்டுக்கு முன்பே, தோர் பூமியில் ஒரு நாளைக் கழிக்கும் ஓர் அமைதியான இதழில் வந்துவிட்டது. உங்கள் அலமாரியில் அந்த இதழ் இருக்கிறது. கோரின் கதை முடிந்தவுடன் அடுத்து வருவது அதுதான்.

கேள்வி (மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு வாசகி): நான் புற்றுநோய்ப் பிரிவில் செவிலியாகப் பணிபுரிகிறேன். என் மகன் கொடுத்ததால் இந்தக் கதையைப் படித்தேன். கீமோதெரபி சுழற்சியைத் தவறவிட்டுவிட்டு உலகத்தைக் காக்கச் செல்லும் பெண்ணைப் போற்றும் கதை, சிகிச்சையைப் பாதியில் நிறுத்த நினைக்கும் நோயாளிகளுக்குத் தவறான எடுத்துக்காட்டாகிவிடாதா? மருந்து நீங்கி நோய் மட்டும் தங்குவது என்பதும் எனக்கு விசித்திரமாக இருக்கிறது.

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மருத்துவ நோக்கில் பார்த்தால் அந்த விதி விசித்திரமானதில்லை என்று எண்ணுகிறேன். தாங்கள் நாள்தோறும் கையாளும் அம்மருந்துகள் வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்குபவை. அதனால்தான் கட்டியோடு சேர்த்து முடிவேர்களையும், குடலின் உட்சுவரையும், எலும்பு மஜ்ஜையையும் அவை வாட்டுகின்றன. அந்த வகையில் மருந்து வெளியிலிருந்து உடலுக்குள் வரும் நஞ்சேயாகும். புற்றுநோயோ நோயாளியின் சொந்த உயிரணுக்களிலிருந்து கிளைத்தது. உடலுக்கு அந்நியமானதை நீக்கும் ஒரு மந்திரம் மருந்தை வெளியேற்றிவிட்டு நோயை ‘இது இவளுடையது’ என்று விட்டுவைப்பது கதைக்குள் பொருந்தி வருகிறது. சூப்பர் ஹீரோ கதைகளில் நோயும் காயமும் பெரும்பாலும் ஓர் ஒளிவெள்ளத்தில் மறைந்துபோகும். இங்கே அந்த ஒளியே நோய்க்கு இடம் கொடுக்கிறது.

முதல் கேள்வி கனமானது. சிகிச்சைக்கு வந்தவர்களைத் தொடர்ந்து வரச் செய்வதற்கு எவ்வளவு பேச வேண்டியிருக்கிறது என்பதைத் தாங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். கதைக்குள்ளேயே இந்தக் கேள்வி பலமுறை எழுப்பப்படுகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள்: சுற்றியிருப்பவர்கள் ஜேனைத் தடுக்கிறார்கள், மன்றாடுகிறார்கள், மருத்துவரான அவளுக்கே தான் செய்துகொண்டிருப்பது என்னவென்று முழுமையாகத் தெரியும். மந்திரத்தால் குணமாக்குவதாகப் பிறர் முன்வந்தபோது, மந்திரத்துக்கு எப்போதும் விலை உண்டு என்று மறுத்து, மருத்துவமனைச் சிகிச்சையையே அவள் தேர்ந்தெடுக்கிறாள். இவற்றையெல்லாம் தாண்டி என்னைச் சமாதானப்படுத்தியது கடைசி இதழ். மீண்டு வந்த ஜேன் அதே சிகிச்சைக்கே திரும்புகிறாள். இம்முறை சுத்தியல் குறுக்கே வராது. உலகைக் காத்தவளுக்கும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்துக்குக் கை நீட்டுவதுதான் மிச்சமிருக்கும் போர் என்று கதை காட்டுகிறது. இறந்துபோவதை ஆரன் எளிதாக்கவில்லை. உயிரோடு இருக்க எடுக்கும் முயற்சியைச் சிறுமைப்படுத்தவும் இல்லை. ஆயினும், சிகிச்சையின் நடுவில் இருக்கும் ஒருவருக்கு இதை நானாகப் பரிந்துரைக்க மாட்டேன். அவரே கேட்டால் கொடுப்பேன். அதுவும் கடைசித் தொகுப்பையும் சேர்த்துக் கொடுப்பேன்.

கேள்வி (கே.ஆர்.புரத்திலிருந்து ஒரு வாசகர்): ஜேன் இறந்த இதழைப் படித்துவிட்டு மெட்ரோவில் கண்ணீரை அடக்கிக்கொண்டு வந்தேன். அடுத்த இதழிலேயே அவரை உயிர்ப்பித்துவிட்டார்கள். சூப்பர் ஹீரோ காமிக்ஸில் யாருமே இறப்பதில்லை என்ற பழைய குறையைத்தானே இதுவும் உறுதிப்படுத்துகிறது? ஏமாற்றப்பட்டதாக உணர்கிறேன்.

பதில்: உங்கள் உணர்வு புரிகிறது. ஒரு மாத இடைவெளியில் மரணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் கதைகள் இத்துறையில் மலிந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை நானும் மன்னிப்பதில்லை. இதை நான் ஏற்பதற்குக் காரணங்கள் உண்டு.

அவள் உயிர் திரும்புவதற்கான வழி, திடீரென எங்கிருந்தோ கொண்டுவரப்பட்டதன்று. சுத்தியலுக்குள் ஆதிகாலத்துப் பெரும்புயல் ஒன்று அடைபட்டுக் கிடக்கிறது என்பதை 2016-லேயே ஓர் இதழ் முழுவதும் ஒதுக்கி ஆரன் விவரித்துவிட்டார். சுத்தியல் சூரியனில் அழிந்ததும் அந்தப் புயல் விடுபடுகிறது. விடுபட்ட புயலைக் கொண்டு ஜேனின் உயிரை மீட்க முயல்பவர்கள் யார் என்று பாருங்கள்: தகுதியை இழந்த தோரும், தொடக்கம் முதல் அவளை ஏற்க மறுத்து, அவளை அழிக்கப் படைக்கலத்தையே ஏவிவிட்ட ஓடினும். வேண்டியும் வராத கடவுளர் என்பதுதான் கோரின் குற்றச்சாட்டு. யாரும் வேண்டாமலே, ஒரு மானிடப் பெண்ணுக்காக, தம் கர்வத்தையெல்லாம் கீழே போட்டுவிட்டு இரண்டு கடவுளர் வந்து நிற்பது இந்த ஓர் இடத்தில்தான். ஜேன் இறந்தே போயிருந்தால், மானிடர் எவ்வளவு உயர்ந்தவர் என்பதோடு கதை நின்றிருக்கும். கடவுளர் எதையும் கற்றுக்கொண்டார்களா என்ற மற்றொரு பாதிக்கு விடை கிடைத்திருக்காது.

மேலும், அவள் பெற்றதைவிட இழந்தவை அதிகம். சுத்தியல் இல்லை, தோர் என்ற பெயர் இல்லை, நோய் அப்படியே இருக்கிறது. 2019-ல் வேறொரு பெயரில், வீழ்ந்த வீரர்களை மறுமைக்கு அழைத்துச் செல்லும் வால்கிரியாக, அவள் மீண்டும் களத்துக்கு வருகிறாள் என்பது உண்மைதான். ஆனால் 2018-ல் முடிந்த பகுதியை அதன் எல்லைக்குள் வைத்துப் படிப்பவருக்கு அது இடையூறாக இருக்காது. மெட்ரோவில் நீங்கள் அடக்கிய கண்ணீர் வீண் போகவில்லை என்றே எண்ணுகிறேன்.

கேள்வி (ராஜாஜி நகரிலிருந்து ஒரு வாசகி): எந்த வரிசையில் படிப்பது? ஒரு தொகுப்பில் 23-ஆம் இதழுக்கு அடுத்து 700 என்று இருக்கிறதே, நடுவில் இருப்பவை எங்கே? என் பன்னிரண்டு வயது மகளும் கேட்கிறாள்.

பதில்: நடுவில் எதுவும் இல்லை. 2017-ல் மார்வெல் தன் பழைய தொடர்களின் மொத்த இதழ் எண்ணிக்கைக்குத் திரும்பியபோது, ‘தி மைட்டி தோர்’ 23-லிருந்து நேராக 700-க்குத் தாவியது, 706-ல் முடிந்தது.

‘தோர்: காட் ஆஃப் தண்டர்’ இதழ்கள் 25-ஐயும் முதலில் படியுங்கள். பிறகு 2014-ல் தொடங்கிய ‘தோர்’ இதழ்கள் எட்டு. அதன் பின் ‘தி மைட்டி தோர்’; இதன் 700-ஆம் இதழைத் தொடுவதற்கு முன்னர் ‘தி அன்வொர்த்தி தோர்’ என்ற ஐந்து இதழ்களை இடையில் படித்துவிட வேண்டும், ஃப்யூரியின் சொல் அங்கேதான் வெளிப்படுகிறது. ஜேனின் கதைக்கு இவ்வளவே போதும். தோர் தன் பெயரை எவ்வாறு மீட்டார் என்று அறிய விரும்பினால் 2018-ல் தொடங்கிய ‘தோர்’, ‘வார் ஆஃப் தி ரியல்ம்ஸ்’, ‘கிங் தோர்’ ஆகியவற்றைத் தொடரலாம். இவற்றில் போர்ப்பகுதி எனக்குச் சற்று நீளமாகவே படுகிறது. ‘கிங் தோர்’ நான்கு இதழ்களும் அவசியம் படிக்கத்தக்கவை, அவற்றில் முதல் தொகுப்பின் ஓவியர் எசாட் ரிபிச் திரும்பி வருகிறார்.

கோரின் பகுதியில் குருதியும் சித்திரவதையும் வெளிப்படையாக வரையப்பட்டிருப்பதால், மகளுக்கு அதை இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துக் கொடுப்பது நல்லது. இப்போதைக்கு 2014-ன் எட்டு இதழ்களிலிருந்து தொடங்கட்டும். கோர் யார் என்பதை நீங்கள் வாய்மொழியாகச் சொல்லிவிட்டால் போதும். நோயும் மரணமும் வரும் இறுதிப் பகுதியை மட்டும் இருவரும் சேர்ந்து படியுங்கள்.